நாலு நாடு, 48 நாள், ஒரு கணக்கு நோட்டு

2024 ஜனவரி 22, தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, நானும் தங்கையும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினோம். மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று சுற்றிவிட்டு ஹோ சி மின் நகரிலிருந்து நேராகத் திருச்சிக்கே வந்து இறங்கினோம். 48 நாள். ஆளுக்கு 1,18,100 ரூபாய். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பால் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றை அம்மா எங்கள் பையில் போட்டுவிட்டதுதான். தினமும் படுக்கும் முன் தங்கை அன்றைய செலவை அதில் எழுதினாள். டீ, தண்ணீர் பாட்டில், கழிப்பறைக் காசு உட்பட.

ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் பிரித்து வைத்து உட்கார்ந்தோம். போக வர விமானம் 17,000. பயணக் காப்பீடு 2,600. மீதியை நான் நாடுவாரியாகக் கூட்டலாம் என்றேன். தங்கை வேறு மாதிரி பிரித்தாள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நுழைந்த மூன்று நாட்களை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டினாள். அந்த மூன்று நாளுக்கு 22,500 ரூபாய். மற்ற 45 நாளுக்கும் சேர்த்து 76,000. சாதாரண நாள் ஒன்றுக்கு 1,700 ரூபாய்கூட ஆகவில்லை. எல்லை தாண்டிய நாள் ஒன்றுக்கு 7,500.

கிளம்பும் முன் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் ஹாஸ்டல் படுக்கை 400 ரூபாயா 600 ரூபாயா என்பதில்தான். பல நாட்டுப் பயணத்தில் காசு கரைவது படுக்கையிலும் சோற்றிலும் இல்லை, எல்லையில். விசாக் கட்டணம், எல்லை வரை போகும் வண்டி, மாற்றும் பணத்தில் போகும் கழிவு, புது சிம் கார்டு, இதற்கெல்லாம் அலையும் ஒரு முழு நாள். குறைந்த காசில் போக நினைக்கிறவர்கள் முதலில் நாடுகளைக் குறைக்க வேண்டும் என்று இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் போட்ட பட்டியலில் ஆறு நாடு இருந்தது. சிங்கப்பூருக்கு நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அங்கே இரண்டு நாள் தங்கும் காசில் லாவோஸில் ஒரு வாரம் இருக்கலாம் என்பதால் அதை உடனே அடித்துவிட்டோம். கம்போடியாவை அடிக்கத்தான் மனசு வரவில்லை. அங்கோர் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஆசை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கம்போடியா விசா 30 டாலர். அங்கோருக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர். எங்கள் திரும்பும் விமானம் ஹோ சி மின் நகரிலிருந்து என்பதால் மறுபடி வியட்நாமுக்குள் வர வேண்டும், அதற்கு ஒருமுறை நுழையும் 25 டாலர் இ-விசா போதாது, பலமுறை நுழையும் 50 டாலர் விசா வேண்டும். ஆக அந்தக் கூடுதல் 25 டாலரையும் சேர்த்து 117 டாலர். அன்றைய விலையில் 9,700 ரூபாய். இதில் ஒரு பஸ் டிக்கெட்டோ ஒரு வேளைச் சாப்பாடோ சேரவில்லை. அதுவும் மொத்தம் நாலு நாளுக்கு. "அவசரமா ஓடிப்போய்ப் பாக்குற இடமாக்கா அது?" என்று தங்கை கேட்டாள். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

வழியைப் போட்டபோது ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டோம்: வந்த வழியில் திரும்பக் கூடாது. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து வீடு திரும்புவது. கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து விமானம் ஏறுவதாக இருந்தால் டிக்கெட்டில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சமாகியிருக்கும், ஆனால் திரும்பி வரும் செலவு அதைப்போல் பல மடங்கு.

இனிச் சொல்லப்போவது பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு கட்டத்திலும் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்திலும் இருக்கிறது. தங்கை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நமக்கு இன்ஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் விமான டிக்கெட் போடும் தளம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. அதனால் அவள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு டிக்கெட் எடுத்தோம். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், டிக்கெட்ல பேர் ரெண்டு தடவ வந்திருக்கு, பாஸ்போர்ட்ல ஒரு தடவதான இருக்கு?" என்றார். மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் விட்டார்கள். இருபது நிமிடம். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையின் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒற்றைப் பெயருக்கு என்ன எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் தளத்தில் தனியாகச் சொல்லியிருக்கும். பெயரை இரட்டிப்பதா, வேறு எழுத்துப் போடுவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் படித்து, அப்படியே போட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துபாய் வழியாகப் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலேயே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தங்கை ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்க்க விண்ணப்பித்ததுதான். ஆறு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

அதே கவுண்டரில் இன்னும் இரண்டு கேட்டார்கள். மலேசியாவை விட்டு வெளியே போவதற்கு டிக்கெட் இருக்கிறதா என்பது ஒன்று. ஹோ சி மின் - திருச்சி டிக்கெட்டைக் காட்டினோம், கூடவே தாய்லாந்து ரயில் டிக்கெட்டையும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை என்பது இன்னொன்று. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதி உண்டு. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இந்த அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். காசு கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

மலேசியாவில் செலவு நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. பத்து மலை தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். காவடிகளுக்கு நடுவே 272 படி ஏறி இறங்கினோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம். ஒரு பந்தலில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்த அம்மா எங்கள் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வறீங்கம்மா?" என்றார். திருச்சி என்றதும் தன் பாட்டி லால்குடி என்றார். லால்குடியைத் தான் பார்த்ததே இல்லையாம். எங்கள் தட்டில் மறுபடி சாதம் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கவனித்தார். அந்த நாளுக்கு நோட்டில் சாப்பாட்டுச் செலவு பூஜ்யம்.

பினாங்கிலிருந்து படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து 11 ரிங்கிட் சொச்சத்துக்குப் பயணிகள் ரயிலில் பாடாங் பெசார். இந்த எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே மலேசியா வெளியே அனுப்பும் முத்திரையும் தாய்லாந்து உள்ளே விடும் முத்திரையும் குத்திவிடுகிறார்கள். தரகர் இல்லை, டாக்சி இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். பாங்காக் ரயில் டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம். எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு அது பறிபோகும். அந்தப் படுக்கை வண்டிக்கு ஆளுக்கு 2,300 ரூபாய் சுமார் ஆனது, ஓர் இரவுத் தங்கலும் அதிலேயே முடிந்தது. மூன்று எல்லைகளில் இதுதான் மலிவு.

தாய்லாந்தில் கற்றுக்கொண்டது ஏடிஎம் பாடம். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்தார்கள். நம் காசில் 500 ரூபாய்க்கு மேல். முதல் தடவை பயந்து 2,000 பாட் மட்டும் எடுத்தேன். பத்துக்கு ஒன்று அங்கேயே போய்விட்டது. பிறகு ஒரே தடவையில் 10,000 பாட் எடுத்து, இருவரும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டோம். திரையில் இன்னொரு கேள்வி வரும்: தொகையை ரூபாயாக மாற்றிக் கணக்கிடட்டுமா என்று. வேண்டாம் என்பதைத் தொட வேண்டும். வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று கை தயங்கும். வரும். மாற்றுவதை உங்கள் வங்கியே செய்துகொள்ளும், விலையும் நியாயமாக இருக்கும். அன்னியச் செலாவணிக்கு மேல்கட்டணம் பிடிக்காத அட்டை ஒன்றைக் கிளம்பும் முன் வாங்கிக்கொள்வது நல்லது, வழக்கமான அட்டைகள் மூன்றரை சதவீதம் வரை பிடிக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிடவும் மறக்காதீர்கள். ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

சியாங் மாய், சியாங் ராய் முடித்து சியாங் கோங் எல்லைக்குப் போனோம். மேகாங் ஆற்றின் மேல் நட்புப் பாலம். அதில் நடந்து போக விடமாட்டார்கள், எல்லைப் பஸ்ஸில்தான் போக வேண்டும். அக்கரையில் லாவோஸ் விசா கையோடு கிடைக்கும். ஆளுக்கு 40 டாலர் கொடுத்தோம். டாலருக்குப் பதில் தாய்லாந்துப் பணமான பாட் கொடுத்தால் கூடுதலாகக் கேட்கிறார்கள். திருச்சியில் பணம் மாற்றும்போதே மடிப்பில்லாத, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டாகக் கேட்டு வாங்கி, புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனது இங்கே உதவியது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரின் நோட்டை ஓரம் கிழிந்திருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கிழிசல் நகக்கண் அளவுதான். அவரிடம் வேறு நோட்டு இல்லை. நாங்கள்தான் மாற்றிக் கொடுத்தோம்.

ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் படகு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் பலகைத் தரையில் அப்படியே வைத்திருக்கிறார்கள், ஆணி அடிக்கவில்லை. படகு வளையும்போது இருக்கையும் கொஞ்சம் வளையும். இஞ்சின் பின்னால், அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் காது அடைக்கும், ஆகவே முக்கால் மணி முன்னதாகவே போய் முன்பக்கம் இடம் பிடியுங்கள். வழியில் மணல் திட்டுகளில் படகு ஒதுங்கும். அரிசி மூட்டை, கோழிக் கூடை, ஒரு தடவை ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கியது. கரையில் எதிர்பார்த்து நின்ற ஒரு சிறுவன் அந்த வண்டியை அதன் கண்ணாடியில் தடவிப் பார்த்துக்கொண்டே கூட நடந்தான். இரவு பாக்பெங்கில் தங்கல். கரை ஏறியதும் விடுதிக்காரர்கள் சூழ்வார்கள், முன்பதிவு வேண்டியதில்லை. சாப்பாட்டை மட்டும் கரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், படகில் விலை அதிகம். 48 நாளில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நாள் அவை.

லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியானுக்கு 2021 டிசம்பரில் திறந்த ரயில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடுகிறது. பை சோதனை விமான நிலையம் போலவே. தங்கையின் வாசனை ஸ்ப்ரேயை எடுத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் பெரிய தவறு. வியட்நாம் இ-விசாவுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்காமல், "மூணு வேலை நாள்தானே" என்று பிப்ரவரி 6 அன்று சியாங் மாயில் உட்கார்ந்து விண்ணப்பித்தோம். பிப்ரவரி 10 வியட்நாமின் சந்திரப் புத்தாண்டு. டெட் என்பார்கள், நம் பொங்கலையும் தீபாவளியையும் சேர்த்து வைத்தாற்போல். ஒரு வாரம் அலுவலகங்கள் எல்லாம் விடுமுறை. விசா கைக்கு வந்தது 19 அன்று. அதுவரை டிக்கெட் எடுக்கத் துணியவில்லை. இரண்டாவது தவறு, விண்ணப்பத்தில் நுழையும் இடம் என்று ஹனோய் விமான நிலையத்தைப் போட்டிருந்தோம். வியன்டியானிலிருந்து ஹனோய்க்கு 8,000 ரூபாயில் பார்த்து வைத்திருந்த விமானம் காத்திருந்த நாட்களில் 12,800 ஆகிவிட்டது. பஸ்ஸில் போனால் அதில் கால்வாசி. ஆனால் எங்கள் விசாவில் அந்த எல்லைச் சாவடியின் பெயர் இல்லை. மறுபடி 25 டாலர் கட்டி, மறுபடி காத்திருக்க வேண்டும். 22 அன்று விமானத்திலேயே போனோம். ஒரு நாட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவீர்கள் என்பதை முடிவுசெய்த பிறகு விசா விண்ணப்பத்தைத் திறங்கள். போகிற நாடுகளின் பண்டிகை நாட்களையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வருகிறவர் பொங்கல் வாரத்தில் அலுவலக வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாம் சொல்லமாட்டோமா?

தங்கை சைவம். மீன் சாறு இல்லாத சமையல் கிடைக்குமா என்று அம்மாவுக்கு அதுவே பெரிய கவலை. வியட்நாமில்தான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். "சாய்" என்று போட்ட கடைகள் பௌத்த சைவக் கடைகள். சோறு, டோஃபு, மூன்று வகைக் காய், சூப் எல்லாம் சேர்த்து 35,000 டோங், 120 ரூபாய்க்குள். அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியன்றும் அங்கே நிறையப் பேர் சைவம். மாசிப் பௌர்ணமி அன்று ஹனோயில் இருந்தோம், சாய் கடைகளில் உட்கார இடமில்லை. தாய்லாந்தில் அதே மாதிரி "ஜே" என்று மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும். இந்த இரண்டு சொல் தெரிந்தால் போதும். டோங் நோட்டில் ஓர் எச்சரிக்கை: 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டும் நீலம். ஒன்று 70 ரூபாய், இன்னொன்று 1,700. பெரிய நோட்டை வேறு பையில் வையுங்கள்.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு இரவு ரயில், ஹுவேயிலிருந்து டா நாங்குக்குக் கடலை ஒட்டி மலை ஏறும் பகல் ரயில். இந்தப் பகல் ரயிலைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். ஹோய் ஆனுக்குப் பிறகு எனக்குச் சிக்கனப் பேராசை வந்துவிட்டது. ஓர் இரவு பஸ்ஸில் ந்யா ட்ராங், பகல் முழுக்க வெயிலில் சுற்றல், அன்று இரவே மறுபடி பஸ் ஏறி ஹோ சி மின். இரண்டு இரவுப் படுக்கைக் காசு 900 ரூபாய் மிச்சம். காலையில் இறங்கும்போது எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. டா லாட் போகும் எண்ணம் அப்படியே போயிற்று. தங்கைதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு, மருந்து ரசீது, பணம் கட்டிய ரசீது மூன்றையும் அவள் அன்றே படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாள். பிறகு பெரும்பகுதி திரும்ப வந்தது. இரவுப் பயணம் நல்லதுதான். ஒன்றுக்குப் பிறகு இரண்டு இரவாவது கட்டிலில் படுத்தபின் அடுத்தது.

காய்ச்சல் விட்டு முதன்முதலாக வெளியே நடந்தது ட்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு. பென் தான் சந்தைக்குப் பக்கம். அங்கே தமிழ் முகம் எங்கள் இரண்டு மட்டும்தான். வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றி, கருவறையின் பின்பக்கக் கல் சுவரில் நெற்றியைப் பதித்து, ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவர் அந்த உயரத்தில் வழவழவென்று இருந்தது. தங்கையும் போய் நெற்றியை வைத்தாள். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் லாவோஸ் கிப் நோட்டு ஒட்டியிருக்கிறது. அந்த நாட்டை விட்டு வந்தால் அதை மாற்றுவது கடினம், கடைசி நாளே செலவழித்துவிட வேண்டும். அதற்குக் கீழே தங்கை கம்போடியா என்று மட்டும் எழுதி 12 நாள் போட்டிருக்கிறாள். ஒரே நாடு. பாங்காக் போய், தரைவழியாக உள்ளே நுழைவதாகத்தான் எழுதியிருந்தாள். 2025 ஜூனில் தாய்லாந்து - கம்போடியா தரை எல்லை மூடப்பட்டது. அந்த வரியை அடித்துவிட்டு, கோலாலம்பூர் வழியாகச் சியம் ரீப்புக்கு விமானம் என்று திருத்தியிருக்கிறாள். அங்கோருக்கு மூன்று நாள் சீட்டு வாங்கினால் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளானாலும் போகலாம். விசாவை ஊரிலிருந்தே போட்டுவிடலாம் என்று பக்க ஓரத்தில் என் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.